வாத்து வீடு திரும்பிய வழி

தன் மருமகள் செய்வது விளையாட்டு வேலை இல்லை என்று அக்தர் பேகத்துக்கு முதன்முதலாகத் தோன்றியது, குளியலறையில் வாத்தைப் பார்த்த அன்றுதான். தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்யலாம் என்று கதவைத் திறந்தார். வாளிக்குப் பக்கத்தில், அந்த வீட்டில் பிறந்து வளர்ந்ததைப் போல நின்றுகொண்டு அது அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"ஸமீஹா, இது என்ன?"

"வாத்து மாமி."

"வாத்துன்னு தெரியுது. நம்ம பாத்ரூம்ல அதுக்கு என்ன வேலை?"

"ரெண்டு மூணு நாளைக்கு நடக்க வெச்சுப் பாக்கணும் மாமி. அப்புறம் வாங்கின எடத்துலயே கொண்டுபோய் விட்டுடுவேன்."

கூடத்திலிருந்து அவர் கணவர் பக்ருதீன் குரல் கொடுத்தார். "விட வேணாம், இருக்கட்டும். பிரியாணிக்கு ஆவும்."

"மெதுவாப் பேசுங்க மாமா. அது காதுல உழுந்துடப் போவுது."

ஊருக்குள் சாரம் என்ற பகுதியில் அவர்கள் வீடு. பக்ருதீனுக்குப் பெரிய மார்க்கெட் பக்கம் செருப்புக் கடை. மகன் அய்மானுக்குச் சென்னையில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். அக்தர் பேகம் சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகளுக்கு அரபு ஓதக் கற்றுக்கொடுப்பார். மருமகள் ஸமீஹா படம் வரைவாள். பள்ளிக்கூடப் பாடநூல்களுக்கு மாம்பழமும் மயிலும் வரைந்து கொடுத்திருக்கிறாள். எதிலும் அவள் பெயர் வந்ததில்லை. இப்போது ஊரிலேயே இருக்கும் ஒரு சின்னப் பதிப்பகம், குழந்தைகளுக்கான படப் புத்தகம் ஒன்றை அவளிடம் ஒப்படைத்திருந்தது. அட்டையில் அவள் பெயர் வரப்போகிற முதல் புத்தகம் அது.

கதையை எழுதியவர் பாகூர்ப் பக்கத்து ஆசிரியர் கோவிந்தராசு. மொத்தமே பன்னிரண்டு வரி. நோணாங்குப்பத்து ஆற்றில் இருக்கும் வாத்து ஒன்று, படகில் போகிறவர்கள் கடலைப் பற்றிப் பேசுவதைக் கேட்கிறது. கூட்டத்தை விட்டுக் கிளம்பி, பாலம் ஏறி, ஊருக்குள் நடந்து, பீச் ரோட்டுக்குப் போய்க் கடலைப் பார்க்கிறது. ஒரு வாய் குடித்துத் துப்புகிறது. பிறகு திரும்பி வருகிறது. அவ்வளவுதான் கதை.

இதற்கு எதற்கு உயிருள்ள வாத்து என்று அக்தர் பேகத்துக்குப் புரியவில்லை. நாமெல்லாம் பார்க்காத வாத்தா? ஆனால் ஸமீஹா கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து, மோவாயைத் தரையில் வைத்து, அது போகிற பக்கமெல்லாம் கண்ணை ஓட்டியபடி கிடந்தாள். கையில் பென்சில். தாளைப் பார்க்காமலே கோடு விழுந்தது.

"பாருங்க மாமி. உடம்பு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடுது. தலை மட்டும் ஆட மாட்டேங்குது."

அக்தர் பேகம் பார்த்தார். ஆமாம். நிறைந்த தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்திருப்பதுபோல, கீழே என்ன நடந்தாலும் எனக்கென்ன என்று தலை தன்பாட்டுக்குப் போனது. இத்தனை வயதில் இது கண்ணில் படவே இல்லையே என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

அதோடு முடியவில்லை. வாத்தின் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று சுவரில் விரல் வைத்துப் பார்த்துக் கோடு கிழித்தாள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே. வாத்தை வாங்கிய இடத்திலேயே விட்டுவிட்டு வந்து, இனி ஊர் முழுவதையும் அந்த உயரத்திலிருந்துதான் பார்க்க வேண்டும் என்றாள். மார்க்கெட்டுக்குள் போய் நடைபாதையில் குந்தினாள். அக்தர் பேகம் குடை பிடித்துக்கொண்டு கூடப் போனார். இந்தப் பெண்ணைத் தனியே விட்டால் யாராவது மிதித்துவிட்டுப் போவார்கள் என்ற பயம் அவருக்கு.

"என்னம்மா தொலைச்ச? மோதிரமா?" என்று பூக்காரம்மா ஒருத்தி கேட்டாள். பதில் வருவதற்குள் அவளும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். ஸமீஹா அவர்களுடைய கால்களையும் வரைந்துகொண்டாள்.

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எதிலும் மனித முகம் கிடையாது. வெறும் கால்கள். லுங்கியின் ஓரம், சேலைக் கரை, பள்ளிக்கூட ஷூ, போலீஸ்காரரின் பூட்ஸ், சக்கரங்கள், கடைப் படிகளின் அடிப்பக்கம். எல்லாம் மழை நாள். வாத்துக்கு மழைதானே திருவிழா என்றாள். மழை விட்ட பிறகு சாரத்துத் தெருவில் ஒரு சாம்பல் நிறம் இருக்குமே, அதைக் கறுப்புச் சாயமே தொடாமல், நீலத்தையும் செம்பழுப்பையும் தண்ணீரில் ஒன்றோடொன்று ஓடவிட்டுக் கொண்டுவந்தாள். ஒரு தேங்கிய குட்டையில் டீக்கடைப் பெயர்ப்பலகை தலைகீழாக மிதந்தது.

செருப்புக் கடைப் படத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார் பக்ருதீன். "இது நம்ம கடை சரக்கு. கட்டை விரல்கிட்ட ரெட்டைத் தையல் போட்டிருக்கு பாரு," என்றார்.

அக்தர் பேகம் தையலைப் பார்க்கவில்லை. செருப்புப் போட்டுப் பார்க்கிற ஒரு பெண்ணின் காலைப் பார்த்தார். வலது காலில் இரண்டாம் விரல் கட்டை விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"இது என் காலு."

"ஆமா மாமி. கோச்சுக்காதீங்க."

"குதிகால் வெடிப்பக்கூட விட்டுவைக்கலியே நீ."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மறுநாள் எதிர்வீட்டு மணியம்மாளையும் மாடிவீட்டு ஜெயத்தையும் வரவழைத்து, டீ கொடுத்து, அந்தப் படத்தைக் காட்டியவரும் அவர்தான்.

பன்னிரண்டு படமும் முடிந்தன. பதிப்பகத்தில் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் சரிதா வந்தாள். கூடத்தில் கொடி கட்டி, துணி கிளிப் போட்டுப் படங்களை மாட்டியிருந்தார்கள். சரிதா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாள். திரும்ப வந்து மறுபடி நடந்தாள். பிறகு படங்களின் நகலை மடித்துத் தைத்து ஸமீஹா செய்து வைத்திருந்த மாதிரிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். அட்டையும் வரையவில்லை, கதை வரிகளும் ஒட்டவில்லை. வெறும் படம் மட்டும்தான்.

"ஒவ்வொண்ணும் தனியாப் பாத்தா கண்ணை எடுக்க முடியல ஸமீஹா," என்றாள் சரிதா. "ஆனா புத்தகமா புரட்டினா என்னமோ இடிக்குது. வாத்து போகவே மாட்டேங்குது. முட்டிக்கிட்டு நிக்குது."

"எந்த எடத்துல அக்கா?"

"அதான் சொல்லத் தெரியல. எல்லா எடத்துலயும்." கொஞ்சம் தயங்கினாள். "உங்கிட்ட மறைக்கக் கூடாது. நீ அனுப்பின நகலை எங்க ஆபீஸ்லயும் பாத்தாங்க. அவங்களுக்கும் இதேதான். மாசக் கடைசிக்குள்ள சரியா வரலன்னா வேற ஒருத்தர வெச்சு வரைஞ்சுக்கலாம்னு பேச்சு ஓடுது. அச்சுக்குத் தேதி வாங்கிட்டாங்க."

ஸமீஹா தலையாட்டினாள். வழியனுப்பும்போது சிரிக்கவும் செய்தாள்.

அடுத்து வந்த நாட்களில் வாத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், சின்னதாக்கிப் பார்த்தாள். மழையைக் கூட்டினாள், குறைத்தாள். இடிப்பது நிற்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஒருநாள் தூரிகைகளைக் கழுவித் துடைத்து, ரொட்டி டப்பாவில் போட்டு மூடி, பரணில் வைத்துவிட்டாள். கொடியில் மறுபடி துணி காய்ந்தது.

"தலைவலியா?" என்று கேட்டார் அக்தர் பேகம்.

"இல்ல மாமி. வேற யாராவது வரையட்டும். எனக்கு மாம்பழம் மயில் போதும்."

மோவாயைத் தரையில் வைத்துக் கிடந்தவள் சொல்கிற பேச்சா இது? தேற்றலாம் என்றால், படத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

அன்று சாயங்காலம் ஓதும் பிள்ளைகள் போன பிறகு, அலமாரியில் கிதாபுகளை அடுக்கும்போது மாதிரிப் புத்தகம் கையில் பட்டது. ஒவ்வொரு படத்தையும் அது முடிந்த அன்று பார்த்திருக்கிறாரே தவிர, வரிசையாக அவர் பார்த்ததில்லை. அப்படி என்னதான் இடிக்கிறது, பார்ப்போமே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் விடாமல் பார்த்தார். முடித்துவிட்டு, சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மருமகளிடம் போனார்.

"இதுல என்ன குறை கண்டா சரிதா? நல்லாத்தானே வீட்டுக்கு வந்து சேருது."

"யாரு மாமி?"

"வாத்துதான்."

"வாத்து எங்க வீட்டுக்கு வருது? எல்லாப் படத்துலயும் அது கடலுக்கில்ல போவுது."

"இல்லியே. மொதல்ல கடல்கிட்ட நிக்குது. அப்புறம் மார்க்கெட்டு, நம்ம கடை, அப்புறம் பாலம். கடைசில ஆத்துல அதோட கூட்டம். போனதைப் படிச்சுச் சொல்லிடுவாங்க போல, வர்றதுக்குத்தான் படம் போலன்னு நெனச்சுக்கிட்டேன். எனக்கே கால் வலிச்சுது, அத்தனை தூரம் நடக்குது பாவம்."

ஸமீஹா வெங்காயக் கையோடு புத்தகத்தை வாங்கினாள். "எப்படித் தெறந்தீங்க? தெறந்து காட்டுங்க."

அக்தர் பேகம் திறந்து காட்டினார். வலப்பக்கத்திலிருந்து, ஓதுவதற்கு அரபுக் கிதாபை எடுக்கிற மாதிரியே. வெள்ளை அட்டை, முன்னும் பின்னும் ஒன்றுபோல இருந்தது. அவர் கைக்குப் பழக்கமான பக்கம் திறந்துவிட்டது.

ஸமீஹா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இடப்பக்கமாகத் திறந்து புரட்டினாள். வலப்பக்கமாகத் திறந்து புரட்டினாள். கண்ணில் நீர் வந்தது. வெங்காயமா வேறா என்று அக்தர் பேகத்துக்குப் பிடிபடவில்லை.

"மாமி, நான் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே ஓதப் போனவ. மொதல்ல தொட்ட எழுத்து அரபு அலிஃப்தான். அது வலத்துலேருந்து இடத்துக்கு ஓடுற எழுத்து. முன்னால போறதுன்னா இந்தப் பக்கம்னு எங்கண்ணுல பதிஞ்சுபோச்சு." இடக் கையை நீட்டிக் காட்டினாள். "அதனாலதான் என் வாத்து எல்லாப் படத்துலயும் இடப்பக்கமாவே போவுது. தமிழ்ப் புத்தகத்துல தாள் திரும்பத் திரும்ப நாம வலப்பக்கம் போறோம். வாத்து எதிர்ல வருது. நடுவழியில முட்டிக்கிறோம்."

"அப்ப இந்தப் பக்கம் தெறக்கிற மாதிரியே புத்தகத்தைத் தெச்சுடச் சொல்லேன்."

பல நாளுக்குப் பிறகு ஸமீஹா சத்தமாகச் சிரித்தாள்.

மறுநாள் சரிதா மடிக்கணினியோடு வந்தாள். கோளாறு எது என்று தெரிந்ததில் அவளுக்குப் பெரிய நிம்மதி. "இவ்வளவுதானா? ஒரு பட்டன்ல முடிஞ்சுடும்," என்று எல்லாப் படங்களையும் இடம் வலமாகத் திருப்பிப் போட்டாள். வாத்து வலப்பக்கம் பார்த்து ஜோராக நடந்தது.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பக்ருதீன்தான் முதலில் வாயைத் திறந்தார். "வண்டியெல்லாம் ரோட்டுக்கு வலப்பக்கமாப் போவுதே. எங்க அண்ணன் இருக்கிற பிரான்ஸ்ல இப்படித்தான் ஓட்டுவாங்க."

பைக்குகள் எல்லாம் வலப்பக்கமாகச் சாய்ந்து நின்றன. சைக்கிள் செயின் இடப்பக்கம் வந்துவிட்டது. அக்தர் பேகம் செருப்புக் கடைப் படத்தை உற்றுப் பார்த்தார். ஏறி உட்கார்ந்த விரல் இடது காலுக்குப் போயிருந்தது.

"இது யார் காலு?" என்றார்.

சரிதா சிரித்தாள். "பலகையில இருக்கிற எழுத்தை மட்டும் மாத்திடலாம். மத்ததையெல்லாம் பிள்ளைங்க கவனிக்க மாட்டாங்கம்மா."

"பிள்ளைங்கதான் அக்கா கவனிப்பாங்க," என்றாள் ஸமீஹா. மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் இப்படி எதிர்த்துப் பேசி அக்தர் பேகம் கேட்டதில்லை. "எனக்கு வேற ஒண்ணு தோணுது. மாமி பாத்ததுதான் சரி. நான் வரைஞ்சது போற வாத்து இல்ல, திரும்பற வாத்து. மொதல்ல அது வலப்பக்கமா, நம்மளோட சேந்து கடலுக்கு ஓடட்டும். கடலைப் பாத்துட்டு இடப்பக்கம் திரும்பட்டும். தாள் ஒரு பக்கம் போவுது, வாத்து மறுபக்கம் நடக்குது. அப்ப இடிக்கட்டுமே. வீட்டுக்குத் திரும்பற நடை கஷ்டமாத்தானே இருக்கும்."

சரிதா யோசித்தாள். "பன்னெண்டு வரியில பத்து வரி போறதைத்தான் சொல்லுது. திரும்பறதுக்கு ஒரே வரி."

"திரும்பறதுக்கு வரியே வேணாம்."

"கோவிந்தராசு சார் வரியை வெட்டணும்ங்கிற. அவர் ஒத்துக்கணும். அதுக்கு முன்னாடி நான் ஒத்துக்கணும். பக்கத்தையும் கூட்ட முடியாது." எழுந்தாள். "செஞ்சு காட்டு. வெள்ளிக்கிழமை வரேன். அன்னிக்கும் இடிச்சா என்னால ஆபீஸ்ல பேச முடியாது."

ரொட்டி டப்பா பரணிலிருந்து இறங்கியது.

போகிற வாத்து எளிதில் வரவில்லை. தீப்பெட்டி அளவுக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டு ஸமீஹா வரைந்து தள்ளினாள். வலப்பக்கம்தான் போனது, ஆனால் ஓடவில்லை. ஊர்வலம் போனது. கிழித்துப் போட்டாள். கடைசியில் மாமியாரிடம் வந்து நின்றாள்.

"மாமி, வாசல்லேருந்து சமையக்கட்டு வரைக்கும் ஒரு ஓட்டம் ஓடுங்களேன்."

"எனக்கு என்ன வயசுன்னு தெரியுமா ஒனக்கு?"

"அடுப்புல பால் பொங்குதுன்னு நெனச்சுக்குங்க."

அக்தர் பேகம் சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். முட்டி இரண்டும் முனகின. ஸமீஹா பின்னாலேயே வந்தாள். "வழியில என்ன பாத்தீங்க? கூடத்து நாற்காலி மேல என்ன இருந்துச்சு?"

மூச்சு வாங்க யோசித்தார். "ஒண்ணும் பாக்கலியே. பாலத்தான் பாத்தேன்."

"அதான் மாமி. அதான்."

அன்று வரைந்ததில் ஊரே இல்லை. பாலம் இல்லை, மார்க்கெட் இல்லை. வெள்ளைத் தாளில் இடமிருந்து வலமாக வாத்து மட்டும், கழுத்தை நீட்டி, இறக்கையை விரித்து, ஒரு கால் எப்போதும் தரையில் படாமல். பின்னால் தெறித்த சேற்றுத் துளிகள். தாள் திருப்பினால் இன்னொரு ஓட்டம். இன்னொன்று. பிறகு முழுப் பக்கத்துக்கும் கடல். கடல் முடிந்து வாத்து திரும்பும்போதுதான் முதன்முதலாக ஊர் கண்ணில் படுகிறது. போகும்போது விட்டுப்போன அத்தனையும் அதற்கு இப்போது தெரிகிறது. ஓடும்போது பார்க்காததைத் திரும்பும்போது பார்க்கும் என்பது இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று அக்தர் பேகம் அந்தத் தாள்களை மறுபடி புரட்டினார். ஓடியது அவர், கண்டுபிடித்தது அவள்.

புதுப் படங்களுக்கு இடம் வேண்டும் என்றால் பழையதில் சில போக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை ஸமீஹா தரையில் பரப்பிவைத்து ஒவ்வொன்றாக விலக்கினாள். விலக்கிய அடுக்கின் மேலே செருப்புக் கடைப் படம் கிடந்ததை அக்தர் பேகம் பார்த்தார்.

"இது ஏன்?"

"இதுல வாத்து நின்னு வேடிக்க பாக்குது மாமி. வீட்டு நெனப்பு வந்துட்டா நிக்காது." நிமிர்ந்து பார்த்தாள். "இருக்குறதுலயே நான் நல்லா வரைஞ்ச படம் இதுதான்."

அக்தர் பேகத்துக்குச் சுருக்கென்றது. எதிர்வீட்டு மணியம்மாளிடம் என்ன சொல்வது? மிச்சப் படங்களின் வரிசையைப் பார்த்தார். கடல், ஈரக் கற்கள், மார்க்கெட்டின் கால்கள், நீண்ட தார் ரோடு, பாலம். தடையில்லாமல் ஒரே நடையாக இருந்தது. கடைப் படத்தை நடுவில் வைத்துப் பார்த்தார். வாத்து நின்றுவிட்டது. அவரே அதை எடுத்து அடுக்கின் மேல் திரும்ப வைத்தார். தான் வரைந்ததிலேயே சிறந்ததை, ஒரு வாத்துக்காக எடுத்து வைக்கிற கை எப்படிப்பட்ட கை என்று நினைத்துக்கொண்டார்.

சரிதா மதியம் வந்தாள். மாதிரிப் புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டினாள். முதல் தாள்கள் சரசரவென்று ஓடின. கடல் வந்தது. அடுத்த தாளில் வாத்து திரும்பியது. சரிதாவின் கை அங்கே நின்றது. பிறகு வெகு மெதுவாக, ஒவ்வொரு தாளையும் ஓரத்தில் பிடித்துத் திருப்பினாள். ஆற்றில் கூட்டத்துக்குப் பின்னால் வாத்து வந்து சேருகிற கடைசிப் படத்தைப் புதிதாகப் போட்டிருந்தாள்; அது இன்னும் பென்சில் கோடாகத்தான் இருந்தது. அதன் மேல் சரிதா உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"ஆபீஸ்ல நான் பேசிக்கிறேன்," என்றாள். "இப்ப சார்கிட்ட பேசணும்."

கோவிந்தராசுவுக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கிற மாதிரி வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். எதிர்முனையில் அவர் கேட்டார்.

"பன்னெண்டுல எத்தினி மிச்சம்?"

"நாலு சார்."

"நான் இதைக் கிளாஸ்ல படிச்சுக் காட்டலாம்னு இருந்தேன்மா. பாதிப் புத்தகம் வரியே இல்லன்னா பிள்ளைங்ககிட்ட நான் என்னத்தைச் சொல்றது?"

சரிதா ஸமீஹாவைப் பார்த்தாள். ஸமீஹாவுக்கு முகம் தெரியாதவர்களிடம் பேச வராது. போன் அருகே குனிந்தாள்.

"நீங்க சொல்ல வேணாம் சார். தாளைத் திருப்புங்க, போதும். அவங்க உங்களுக்குச் சொல்லுவாங்க."

பிறகு ஒரு சிரிப்பு கேட்டது. "சொல்லுவாங்கதான். வாயை மூட விட மாட்டாங்க. சரி, எடுத்துடுங்க. அந்தத் துப்புற வரியை மட்டும் விட்டுவைங்க."

சரிதா போன பிறகு ஸமீஹா உட்காரவில்லை. கடைசிப் படத்துக்குப் பெரிய தாளை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் நனைத்தாள். நனைந்த தாளைப் பலகையில் விரித்து நான்கு ஓரமும் பசை நாடா ஒட்டிவிட்டால், காயும்போது அது மேளத் தோல் போல இறுகிக்கொள்ளும். எவ்வளவு வண்ணம் ஊற்றினாலும் சுருங்காது. தனியாகச் செய்தால் மூலை மடிந்துவிடும்.

"மாமி, இந்தப் பக்கம் ரெண்டு மூலையையும் பிடிங்க. இழுக்காதீங்க. சும்மா பிடிச்சாப் போதும்."

அக்தர் பேகம் பிடித்தார். தாளிலிருந்து தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. வாசலில் ஓத வந்த பிள்ளைகளின் செருப்புச் சத்தம் கேட்டது. வந்து உட்காருங்கள், சத்தம் போடாதீர்கள் என்று தலையை மட்டும் அசைத்துவிட்டு, ஸமீஹா முதல் நாடாவை ஒட்டி முடிக்கும்வரை அவர் கையை அசைக்கவே இல்லை.